கண்ணாடிப் பெட்டியும் சண்டை மீனும்

ஈப்போ நகரில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்குள் நுழைவோர், பெரிய தொட்டிகளுக்கு ஒருபுறமாகச் சிறு போத்தல்கள் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைக் காண்பர். ஒவ்வொரு போத்தலிலும் ஒரே ஒரு மீன் இருக்கும். ஒரு போத்தலுக்கும் அடுத்ததற்கும் இடையே அட்டைத் துண்டு செருகப்பட்டிருக்கும். அட்டையை எடுத்துவிட்டால் அடுத்தடுத்துள்ள இரு மீன்களும் செவுள்களை விரித்து, துடுப்புகளைக் கொடிபோல் உயர்த்தி, கண்ணாடிச் சுவரை முட்டத் தொடங்கும். இதுவே சண்டை மீன். நூலோர் இதனைப் பெட்டா என்பர். மலாய் மக்கள் பெலாகா என்பர்.

பள்ளி ஆசிரியர் ஒருவர் இம்மீனைத் தம் மேசைமேல் வைத்து வளர்க்க விரும்பினால், “எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டும்?” என்பதே அவர் கேட்கும் முதற் கேள்வியாக இருக்கும். “வாங்கி வந்த போத்தலே போதும், இம்மீன் எதையும் தாங்கும்” என்பது பலரும் சொல்லும் விடை. இவ்விடை சரியா, தவறா என்பதை அறிய இரண்டு வரலாறுகளைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். ஒன்று மீனின் வரலாறு. மற்றொன்று கண்ணாடிப் பெட்டியின் வரலாறு. இவ்விரண்டும் நம் பேராக் மாநிலத்தோடு தொடர்புடையன என்பது வியப்புக்குரிய செய்தி.

பெயர் பிறழ்ந்த கதை

சண்டை மீனை வளர்க்கும் கலை சயாம் நாட்டில் தழைத்தது. அங்கே அதன் பெயர் ‘பிளா கட்’. கடிக்கும் மீன் என்பது அதன் பொருள். அந்நாட்டார் நெல்வயல்களிலும் தேங்கிய நீர்நிலைகளிலும் இம்மீனைப் பிடித்து, வலிமை மிக்கவற்றைத் தேர்ந்து இனப்பெருக்கி, பந்தயம் கட்டிச் சண்டைக்கு விட்டனர். இவ்வழக்கம் எவ்வளவு பழமையானது என்பதற்கு அண்மைக் காலத்தில் புதிய சான்று கிடைத்துள்ளது. 2022-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று, மனிதன் இம்மீனை வளர்ப்பு உயிராக்கி ஆயிரம் ஆண்டுகளேனும் ஆகியிருக்க வேண்டும் என்று முடிவு கூறுகிறது. சோழப் பேரரசர்கள் கடல் கடந்து கடாரம் வரை சென்ற காலத்திலேயே இம்மீன் மக்களின் வளர்ப்பில் இருந்தது என்று நாம் கொள்ளலாம். தாய்லாந்து அரசு 2019-ஆம் ஆண்டில் இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது.

அறிவியல் நூல்களில் இம்மீன் இடம் பெற்ற வரலாறு நம் அண்டை நிலமாகிய பினாங்கோடு இணைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பணிபுரிந்த தியோடர் காண்டர் என்னும் டென்மார்க்கு நாட்டவர், மலாயாவின் மீன்களைத் தொகுத்து 1849-ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். வங்காளத்து ஆசியச் சங்கத்தின் இதழில் வந்த அத்தொகுப்பில், சண்டையிடும் மீனுக்கு ‘பக்னாக்ஸ்’ என்று இலத்தீனில் பெயரிட்டார். சண்டைக் குணமுடையது என்பது பொருள். சயாமில் மீன்சண்டை நடத்தும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டதையும், அதனால் அரசருக்கு வருவாய் வந்ததையும் அவர் குறித்துள்ளார். அடுத்த ஆண்டிலேயே, 1850-இல், டச்சு அறிஞர் பிளேக்கர் ஜாவாத் தீவின் மீன் ஒன்றைக் கொண்டு ‘பெட்டா’ என்னும் பேரினப் பெயரை நிறுவினார்.

காண்டரின் பெயரீட்டில் ஒரு பிழை நேர்ந்தது. அவர் பினாங்கில் கண்ட மீன் ஓடும் மலைநீரில் வாழ்வது. ஆண் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பது. சயாமியரின் பந்தய மீனோ தேங்கிய நீரில் வாழ்வது. ஆண் மீன் நீரின் மேற்பரப்பில் நுரைக்கூடு கட்டி அதில் முட்டைகளைக் காப்பது. இவை இரண்டும் வேறு வேறு இனங்கள் என்பதைத் தெளிவுபடுத்தியவர் ஆங்கில அறிஞர் டேட் ரீகன். அவர் 1910-ஆம் ஆண்டில் சயாமிய மீனுக்குப் ‘பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்’, அதாவது ஒளிமிக்க பெட்டா, என்று புதுப் பெயர் சூட்டினார். சண்டைக்காரன் என்னும் பெயரோ பந்தயத்திற்குப் பழக்கமில்லாத மலைநீர் மீனிடமே நிலைத்துவிட்டது.

பேராக்கின் வயல்களிலும் கால்வாய்களிலும் வாழும் நாட்டுச் சண்டை மீன் மூன்றாவது இனம். கரும்பட்டு போன்ற உடலும், நீலப்பச்சை மினுக்கும், வால் விளிம்பில் சிவப்புப் பிறையும் உடையது. இதற்கு 1975-ஆம் ஆண்டில்தான் ஜெர்மன் அறிஞர் லாடிகஸ் தனிப்பெயர் இட்டார். அப்பெயர் ‘இம்பெல்லிஸ்’, போர்க்குணம் இல்லாதது என்பது பொருள். சயாமியப் பந்தய மீனோடு ஒப்பிட்டால் அடக்கமானதே எனினும், நம் ஊர்ச் சிறுவர்கள் சண்டைக்கு விட்டு மகிழ்ந்தது இம்மீனைத்தான். சண்டைக்காரன் என்று பெயர் பெற்றது பந்தயத்தில் இல்லை. சாது என்று பெயர் பெற்றது சண்டைக்கு விடப்பட்டது! பெயர்கள் காரணப்பெயர்களே, ஆனால் காரணங்கள் இடம் மாறிவிட்டன. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்க செய்தி இது.

பனையேறியின் சுற்றத்தார்

இம்மீன் ஒரு போத்தல் நீரில் எவ்வாறு உயிர் பிழைக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடினால் தமிழகத்துத் தரங்கம்பாடிக்குச் செல்ல நேரிடும். அங்கிருந்த டென்மார்க்குக் கம்பெனியில் படை அலுவலராக இருந்த டால்டார்ப் என்பார், 1791-ஆம் ஆண்டில், குளக்கரையில் நின்ற பனைமரத்தின்மீது ஒரு மீன் ஏறக் கண்டதாக எழுதினார். அக்குறிப்பு 1797-இல் இலண்டன் லின்னேயச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. அம்மீன் நம்மவர் நெடுங்காலமாக அறிந்த பனையேறிக் கெண்டையே. மலாயாவில் அதனைப் பூயு என்பர். அது மரம் ஏறுவது உண்மையா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் நீரை விட்டு வெளியே வந்து, ஈர நிலத்தில் ஊர்ந்து செல்லும் என்பதில் ஐயமில்லை.

பனையேறியும் சண்டை மீனும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவினங்கள். இவ்விரண்டின் தலைக்குள்ளும் செவுளுக்கு மேலே ஓர் அறை உண்டு. அதில் மெல்லிய எலும்புத் தகடுகள் மடிப்பு மடிப்பாக அமைந்து, குருதி நாளங்கள் நிறைந்த தோலால் போர்த்தப்பட்டிருக்கும். அதன் சிக்கலான அமைப்பைக் கண்டு அறிஞர்கள் அதற்குப் புதிர்வழி உறுப்பு என்று பெயரிட்டனர். மீன் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கினால், அக்காற்றிலுள்ள உயிர்வளியை இவ்வுறுப்பு ஈர்த்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்து உயிர்வளி குன்றிய வயல் நீரிலும் இம்மீன் வாழ்வது இதனால்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். இவ்வுறுப்பு மூச்சுக்கு மட்டுமே வழி செய்கிறது. கழிவை அகற்ற வழி செய்வதில்லை. மீனின் உடலிலிருந்து வெளிப்படும் அம்மோனியா நீரிலேயே தங்கும். வயலில் அது பரந்த நீரில் கரைந்து மண்ணாலும் செடியாலும் மாற்றப்படும். போத்தலில் அது சேர்ந்துகொண்டே போகும். இருபது லிட்டர் நீரில் கரையும் கழிவு ஒரு லிட்டரில் கரைந்தால் அதன் கடுமை இருபது மடங்கு என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கணக்கு. மூச்சுத் திணறலால் சாகாத மீன், தன் கழிவின் நஞ்சால் சிறிது சிறிதாக நலியும். அதுவரை அது உயிரோடு இருப்பதைக் கண்டு நாம் நலமாக இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம்.

போத்தல் வழக்கம் சண்டைக்கு விடுவோரிடமிருந்து வந்தது. ஒன்றையொன்று கண்டால் பாயும் மீன்களைப் பிரித்துவைக்க அவர்களுக்குத் தனித்தனிக் கலம் தேவைப்பட்டது. அது பந்தயக்காரனின் வசதிக்காக ஏற்பட்ட ஏற்பாடு. மீனின் இயல்பை ஆராய்ந்து எவரும் வகுத்த அளவு அன்று. வழக்கம் எஞ்சியது, காரணம் மறந்தது.

கண்ணாடிப் பெட்டி வந்த வழி

இனிப் பெட்டியின் வரலாற்றைப் பார்ப்போம். இலண்டன் நகரின் புகை மண்டிய பகுதியில் வாழ்ந்த நதானியேல் வார்டு என்னும் மருத்துவர், 1829-ஆம் ஆண்டில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு ஒரு போத்தலில் அடைத்து மூடிவைத்தார். வெளியே புகையால் மடிந்த பெரணிச் செடி, மூடிய போத்தலுக்குள் தானே முளைத்துத் தழைத்தது. மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியதால், நீர் ஊற்றாமலே செடி வாழ்ந்தது. இதனை வளர்த்து, அவர் செடிகளுக்கான கண்ணாடிப் பெட்டிகளைச் செய்தார். 1833-இல் அப்பெட்டிகளில் வைத்த செடிகள் கப்பலேறி, உயிரோடு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தன. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் வார்டு பெட்டிகளில்தான்.

ரப்பரின் கதையும் இதனோடு பிணைந்துள்ளது. ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறக்குறைய 70,000 விதைகள் 1876-ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்தில் விதைக்கப்பட்டன. முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் 1,900-க்கு மேற்பட்ட கன்றுகள் வார்டு பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டில், 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது, பேராக்கின் ஆங்கிலப் பிரதிநிதியாக இருந்த ஹியூ லோவின் முயற்சியால் கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அவ்வூரில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. அந்தச் சில கன்றுகளின் வழியே தோட்டங்கள் தோன்றின. தோட்டங்களின் வழியே நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் இம்மண்ணுக்கு வந்தனர்.

அதே கண்ணாடிப் பெட்டியின் தத்துவமே மீன்தொட்டியையும் ஈன்றது. இலண்டன் வேதியியல் அறிஞர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் சேர்த்து வைத்தார். நீர் முதலில் தெளிவாக இருந்தது. பின்னர்ச் செடியின் அழுகிய இலைகளால் கெட்டது. அவ்விலைகளைத் தின்னும் நத்தைகளை விட்டதும் மீண்டும் தெளிந்தது. மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று துணையாகி ஒரு சமநிலை அமைந்தது. இதனை அவர் 1850-ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன்களுக்கென ஒரு கூடம் திறக்கப்பட்டது. 1854-இல் பிலிப் காஸ் எழுதிய நூலால் ‘அக்வேரியம்’ என்னும் சொல் மக்கள் நாவில் ஏறியது.

ஆகவே மீன்தொட்டி என்பது பிறந்தபோதே வெறும் பாத்திரமாகப் பிறக்கவில்லை. உயிர்கள் ஒன்றையொன்று தாங்கும் ஒரு சிற்றுலகமாகவே அது எண்ணப்பட்டது. போத்தல் பிரித்துவைப்பதற்காக ஏற்பட்டது. தொட்டி வாழவைப்பதற்காக ஏற்பட்டது. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால், மேசைத் தொட்டி எவ்வாறு அமைய வேண்டும் என்பது தானே விளங்கும்.

மேசைத் தொட்டி அமைக்கும் முறை

சண்டை மீன் ஒன்றுக்கு இருபது லிட்டர் நீர் தக்க அளவு என்பது அனுபவமுள்ள வளர்ப்போர் பலரின் கருத்து. 40 சென்டிமீட்டர் நீளமும், 25 அகலமும், 25 உயரமும் உள்ள பெட்டியில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் சரியாக இருபது லிட்டர் ஆகும். எஞ்சும் ஐந்து சென்டிமீட்டர் வெற்றிடம் வீணன்று. மீன் காற்றுக் குடிக்க வேண்டிய இடம் அது. மேலே மூடி அவசியம், ஏனெனில் இம்மீன் துள்ளும். ஆழத்தைவிட நீளமும் அகலமுமே முதன்மை. நெடிய குவளை வடிவம் மேலேறி மூச்சு வாங்கும் மீனுக்கு ஏற்றதன்று. நீரின் எடை மட்டுமே இருபது கிலோகிராம். கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆதலின் அசையாத மேசையாகப் பார்த்து வைத்தல் வேண்டும்.

இருபத்தைந்து பாகை செல்சியசு முதல் இருபத்தெட்டு வரை இம்மீனுக்கு இதமானது. நம் ஈப்போவில் வெப்பக்கருவி பெரும்பாலும் தேவைப்படாது. குளிரூட்டிய அறையில் வைப்போர் மட்டும் அதனைக் கருதலாம். நேர் வெயில் படும் சன்னலோரம் ஆகாது. சிறிய நீர் விரைவில் சூடேறிவிடும்.

அழகுக்காகக் கல் வைப்போர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த குன்றுகள் சுண்ணாம்புக் குன்றுகள். அக்கல் நீரில் மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கும். சண்டை மீனோ மென்னீரில் பழகிய இனம். கல்லின்மீது சில துளி புளிக்காடி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், தொட்டிக்கு வேண்டா. மாறாக, சாலையோரத்துக் கெத்தாப்பாங் மரத்தின் உலர்ந்த இலை ஒன்றைக் கழுவி இடலாம். நீர் தேநீர் நிறம் கொள்ளும், அது குற்றமன்று. இம்மீனின் இயற்கை வாழிடத்து நீரும் இலைச்சாறு ஊறியதே.

குழாய் நீரில் கிருமி கொல்லும் குளோரின் கலந்திருக்கும். அதனை நீக்கும் மருந்து கடைகளில் கிடைக்கிறது. ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் அகலும். ஆனால் குளோரமின் என்னும் சேர்மம் அவ்வாறு அகலாது. ஆகவே மருந்திடுவதே பாதுகாப்பு. மெல்லக் காற்றூதும் பஞ்சு வடிகட்டி ஒன்று போதும். வேகமான நீரோட்டம் நீண்ட துடுப்புடைய இம்மீனை அலைக்கழிக்கும்.

இனி, எல்லாவற்றினும் முதன்மையான செய்தி: தொட்டி வாங்கிய அன்றே மீனை வாங்கலாகாது. அம்மோனியாவை முதலில் நைத்திரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பஞ்சிலும் மணலிலும் குடியேற வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் சிறிது மீனுணவு இட்டு வந்தால் அந்நுண்ணுயிர்கள் பெருகும். நோயற்ற பழைய தொட்டி ஒன்றிலிருந்து பஞ்சுத் துண்டு கிடைத்தால் காலம் குறையும். சோதனை நீர்மத்தால் பார்த்து, அம்மோனியாவும் நைத்திரைட்டும் இல்லை என்று கண்ட பின்னரே மீனை விடுதல் வேண்டும். வாரந்தோறும் நீரில் கால் பங்கு, அதாவது ஐந்து லிட்டர், மாற்றினால் போதும். பஞ்சைக் குழாய் நீரில் அலசலாகாது. எடுத்த தொட்டி நீரிலேயே அலச வேண்டும். இல்லையேல் குடியேறிய நுண்ணுயிர்கள் மடியும்.

செடிகளுள் ஜாவாப் பெரணி எளிதில் வளரும். மங்கிய ஒளியே அதற்குப் போதும். மேற்பரப்பில் மிதக்கும் செடி சிறிது இருந்தால் ஆண் மீன் அதன் நிழலில் நுரைக்கூடு கட்டும். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் மீனே முறை. உணவு சிறிதளவு, நாளுக்கு ஓரிரு வேளை. மிஞ்சிய உணவே நீர் கெடுவதற்கு முதற் காரணம். மீன் கோபங்கொண்டு அழகு காட்டட்டும் என்று கண்ணாடியை எதிரே வைத்துவிடுவது தவறு.

தாங்குதலும் போதுதலும்

“இம்மீன் எதையும் தாங்கும்” என்னும் சொல்லுக்கு மீண்டும் வருவோம். இச்சொல் பேராக் தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. லயங்களில் ஓர் அறையிலும் ஒரு திண்ணையிலும் குடும்பம் முழுவதும் அடங்கி வாழ்ந்த காலத்தில், “இவர்களுக்கு இது போதும், பழகிவிட்டார்கள்” என்று பேசியவர்கள் இருந்தனர். மக்கள் தாங்கினர் என்பது உண்மை. அது போதுமானதாக இருந்தது என்பது பொய். 1966-ஆம் ஆண்டில் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்த அளவுத் தரம் வகுக்கும் சட்டம் பிறந்ததும், 1990-ஆம் ஆண்டில் அதனினும் விரிவான சட்டம் அதன் இடத்தைப் பெற்றதும் இப்பொய்யை நாடு உணர்ந்ததற்கு அடையாளங்கள். மனிதரின் துயரை மீனின் துயரோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. கணக்கில் நேரும் பிழை ஒன்றே என்பதைக் காட்டவே இதனைக் கூறினோம். தாங்கும் ஆற்றலைத் தேவையின் அளவாகக் கொள்வதே அப்பிழை.

இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, வீடமைப்பு நிலங்களாக மாறிவிட்டன. மண் கால்வாய்கள் சிமெந்து வடிகால்களாயின. பிள்ளைகள் கையால் அள்ளிப் பிடித்த நாட்டுச் சண்டை மீனின் வாழிடம் அந்த அளவுக்குச் சுருங்கியது. எஞ்சிய கால்வாய்களில் கடை மீனைக் கொண்டுபோய் விட்டால், அது நாட்டு இனத்தோடு கலந்து இனப்பெருக்கம் செய்யும். நாட்டு இனத்தின் தனித்தன்மை அழியும். வளர்க்க இயலாதபோது மீனைக் கடைக்கோ நண்பருக்கோ கொடுக்கலாம், கால்வாயில் விடலாகாது. இரக்கத்தால் செய்யும் இச்செயலே இன அழிவுக்கு வழியாகிவிடும்.

வகுப்பறை மேசைமேல் முறையாக அமைத்த தொட்டி ஒன்று இருக்குமாயின், அது ஒரு பாடநூலுக்கு ஒப்பாகும். நீர் தெளியும்வரை மீனின்றிக் காத்திருக்கும் ஆறு வாரங்கள் மாணவர்க்குப் பொறுமையைக் கற்பிக்கும். கோலகங்சார் மரத்தையும், தரங்கம்பாடிப் பனையேறியையும், பினாங்கு மருத்துவரையும் அதனருகே நின்றே சொல்லலாம். “இந்தச் சின்ன மீனுக்கு ஏன் ஐயா இவ்வளவு பெரிய தொட்டி?” என்று ஒரு மாணவன் கேட்பான். அக்கேள்விக்கு விடை சொல்லும்போது, தாங்குதல் வேறு, போதுதல் வேறு என்பதை அவன் வாழ்நாள் முழுவதும் மறவாதபடி சொல்லிவிடலாம்.